ஒரு குப்பி மட்டும் வாங்கினால் போதுமா?

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எடை குறைக்கும் செமாக்ளூடைட் ஊசி மருந்தை காம்பவுண்டிங் பார்மசிகள் கலந்து தருகின்றன, ஆன்லைனிலேயே ஆர்டர் செய்யலாம். மாதாமாதம் கார்டில் பணம் எடுக்கும் சந்தா எனக்கு வேண்டாம். ஒரே ஒரு குப்பி வாங்கிப் போட்டுப் பார்க்கலாமா?"

சந்தா என்றால் எனக்கும் ஆகாது. ஆனால் கார்டை நிறுத்துகிற மாதிரி இந்த மருந்தை நிறுத்திவிட முடியாது. பணம் நின்ற பிறகும் அது உடம்பில் இருக்கும். எத்தனை நாள் என்பதை அந்த மூலக்கூறுதான் முடிவு செய்யும்.

சாப்பிட்டதும் நம் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. இன்சுலினைத் தூண்டும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மூளைக்குப் போதும் என்று சொல்லும். இதையே ஊசியில் போட்டால் வேலை முடிந்ததே என்று தோன்றும். முடியாது, ஏனென்றால் ரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி மறைய ஆகும் நேரம், சுமார் 2 நிமிடம். டிபிபி-4 என்ற நொதி வந்து, ஹார்மோனின் அமினோ அமிலச் சங்கிலியில் முனையில் உள்ள 2 அமினோ அமிலங்களை மட்டும் நறுக்கிவிடும். அத்தோடு ஹார்மோன் செயலிழந்துவிடும்.

நொதி எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். முதலில் ஹிஸ்டிடின், அடுத்து அலனின். அந்த அலனினை அடையாளம் கண்டு அதற்கு அப்பால் வெட்டுகிறது. செமாக்ளூடைடை உருவாக்கியவர்கள் அந்த அலனினில் ஒரே ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஒரு மெத்தில் தொகுதியை வைத்தார்கள். ஒரு கார்பன், 3 ஹைட்ரஜன், அவ்வளவுதான் மாற்றம். நொதியின் வாய்க்குள் அது சரியாகப் பொருந்துவதில்லை. ஆனால் ஹார்மோன் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும், செல்களில் இருக்கும் ஏற்பிக்கோ வித்தியாசமே பெரிதாகத் தெரிவதில்லை!

இதே இடத்தில் இயற்கையும் கைவைத்திருக்கிறது. கிலா மான்ஸ்டர் என்ற பாலைவனப் பல்லியின் விஷத்தில் எக்ஸென்டின்-4 என்ற பொருள் உண்டு. நம் ஹார்மோனின் சாயல்தான், ஆனால் இரண்டாவது இடத்தில் அலனினுக்குப் பதில் கிளைசின். அதனால் டிபிபி-4 அதைச் சுலபத்தில் தொடுவதில்லை. நியூயார்க்கில் முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனையில் ஜான் எங் என்ற ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்து 1992-ல் வெளியிட்டார். 2005-ல் இதிலிருந்து எக்ஸெனடைட் என்ற நீரிழிவு மருந்து வந்தது. பல்லி விஷத்துக்கெல்லாம் வரிப்பணமா என்று அன்றைக்கு ஒருவர் கேட்டிருந்தால் நிறையப் பேர் கைதட்டியிருப்பார்கள். ஆராய்ச்சி நிதியை வெட்டுகிறவர்களுக்கு இந்தக் கதையை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

சரி, நொதியிடமிருந்து தப்பியாயிற்று. ஆனால் சின்ன மூலக்கூறு என்பதால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும். அதற்காக 18 கார்பன் நீளமுள்ள ஒரு கொழுப்பு அமிலத்தை வாலாக ஒட்டினார்கள். ரத்தத்தில் ஏராளமாக இருக்கும் ஆல்புமின் புரதத்துக்கு, கொழுப்பு அமிலங்களைச் சுமந்து திரிவதே வேலை. வாலைப் பற்றிக்கொண்டு மருந்தையும் சேர்த்துச் சுமக்கிறது, பேருந்துப் படியில் தொற்றிக்கொண்டு போகும் ஆளைப் போல. எந்த நேரமும் 99 சதவீதத்துக்கு மேல் ஆல்புமினோடு ஒட்டியே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக விடுபடுவது ஏற்பிக்குப் போகும். 2 நிமிடமாக இருந்த அரை ஆயுள் இப்போது சுமார் 7 நாள்.

வாசகரின் குப்பிக்கு வருவோம். அது ஒரு மாதத்துக்கானது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான ஆரம்ப அளவு வாரம் 0.25 மில்லிகிராம், 4 வாரம். ஒவ்வொரு வாரமும் பாதி மிச்சமிருக்கும்போதே அடுத்த ஊசி ஏறுகிறது. உடம்பில் உள்ள அளவு தோராயமாக 0.25, 0.375, 0.44, 0.47 என்று ஏறி 0.5 பக்கம் போய் நிற்கும். அதாவது மருந்து நிலையான மட்டத்தை நெருங்கும் நேரத்தில் உங்கள் குப்பி காலி. அதோடு, இந்த முதல் மாதம் எடை குறைப்பதற்கே அல்ல, உடம்பைப் பழக்குவதற்கு. எடை குறைக்க ஒப்புதல் பெற்ற செமாக்ளூடைட் ஊசியான வெகோவியின் வழக்கமான முழு அளவான 2.4 மில்லிகிராமுக்குப் படிப்படியாக ஏற 16 வாரம் ஆகும். 68 வாரம் நடந்த பெரிய பரிசோதனையில் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. மருந்தை நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு "எனக்கு இது கேட்கவில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

காம்பவுண்டிங் பற்றியும் கொஞ்சம். மருத்துவர் சீட்டின் பேரில் ஒரு நோயாளிக்கென்று கலந்து தரும் மருந்து இது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைச் சோதித்து ஒப்புதல் தருவதில்லை. தட்டுப்பாடு இருந்தவரை நகல் தயாரிக்க வழி இருந்தது. செமாக்ளூடைட் தட்டுப்பாடு தீர்ந்துவிட்டதாக எஃப்டிஏ 2025 பிப்ரவரியில் அறிவித்தபின் அந்த வழி வெகுவாகக் குறுகிவிட்டது. சீட்டே கேட்காமல் அனுப்புகிறவர் பார்மசியே இல்லை, அவரிடம் எதுவும் வாங்காதீர்கள். செமாக்ளூடைட் சோடியம், அசிடேட் என்று லேபிளில் இருந்தால் அது ஒப்புதல் பெற்ற மருந்தில் உள்ள பொருள் அல்ல.

எனக்கு அதிகம் பயம் தருவது சிரிஞ்சுதான். ஒப்புதல் பெற்ற மருந்து பேனாவில் வருகிறது, அளவு அதிலேயே அமைந்திருக்கும். குப்பியில் வருவதை நீங்களே இன்சுலின் சிரிஞ்சில் உறிஞ்ச வேண்டும். அதில் கோடுகள் மில்லிகிராமில் இல்லை, யூனிட்டில். 100 யூனிட் ஒரு மில்லிலிட்டர். குப்பியில் மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் என்றால், 0.25 மில்லிகிராமுக்கு 5-வது கோடு வரை இழுத்தால் போதும். 0.25 என்பதை 25 என்று எடுத்துக்கொண்டு 25-வது கோடு வரை இழுத்தால் 1.25 மில்லிகிராம், ஐந்து மடங்கு. இப்படி 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டவர்கள் பற்றி எஃப்டிஏ 2024-ல் எச்சரித்தது. 7 நாள் அரை ஆயுள் இங்கேதான் எதிரியாகிறது. வாந்தி வந்தால் நாளைக்குச் சரியாகிவிடும் என்று காத்திருக்க முடியாது; கூடுதலாகப் போன மருந்தையும் ஆல்புமின் வாரக்கணக்கில் சுமக்கும். அடுத்த மாதம் வேறு இடத்தில் வாங்கினால் செறிவு மாறியிருக்கலாம், கோடும் மாறும். சந்தா இல்லாமல் இடம் மாற்றி மாற்றி வாங்குகிறவர்கள் ஒவ்வொரு குப்பிக்கும் எத்தனை யூனிட் என்று பார்மசிஸ்ட்டிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், 1.7 மில்லிகிராம் வரை ஏறிவிட்டு இரண்டு மாதம் விட்டவர் மறுபடி 1.7-லேயே தொடங்கக் கூடாது. அதற்குள் மருந்து அநேகமாக வடிந்துவிட்டிருக்கும், வயிறும் பழக்கத்தை மறந்திருக்கும். எந்தப் படியிலிருந்து தொடங்குவது என்பதை ஆர்டர் போடும் முன்பே சீட்டு எழுதும் மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் 0.25 என்றுதான் சொல்வார்.