நீலமாக மாறும் ஐசோபாட்: வண்ணத்துக்குப் பணம் கொடுக்கும் முன்

"டாக்டர், என் பெட்டியில் இருந்த சாம்பல் ஐசோபாட் ஒன்று நீல நிறமாக மாறிவிட்டது. இது புது வகையா? இதை மட்டும் தனியாக வைத்து இனப்பெருக்கம் செய்யலாமா?" பெட்டியில் வளர்க்கும் ஐசோபாட் என்ற சிற்றுயிரைப் பற்றி இப்படிக் கேட்டுப் படம் அனுப்புகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: முதலில் அதை மற்றவற்றிடமிருந்து பிரித்து வையுங்கள். அது புது வகை இல்லை, நோய்.

இங்கிலாந்தில் பல்லி, பாம்பு, ஆமை, கிளி போன்றவற்றுக்கு வைத்தியம் பார்ப்பது என் தொழில். பல்லித் தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் துணை உயிராகத்தான் ஐசோபாட் இங்கே பலர் வீட்டுக்குள் வந்தது. இப்போது அதன் நிறத்துக்காகவே வாங்கி வளர்க்கிறார்கள். பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் ஓடுமே, சில வகை தொட்டதும் உருண்டுகொள்ளுமே, அந்த உயிர்தான். பூச்சி என்கிறோம், ஆனால் இறால், நண்டு வகையறாவில் சேர்ந்தது. பதினான்கு கால். நிலத்தில் வாழும் இனங்கள் மட்டுமே 3,500-க்கு மேல் உண்டு. ஆரஞ்சு, வெள்ளையில் கறுப்புப் புள்ளி, வரிக்குதிரைக் கோடு, மஞ்சள் முகம் என்று கடைகளில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். இந்த நிறங்கள் எல்லாம் ஒரே வழியில் வந்தவை அல்ல. எந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பணம் கொடுப்பதுதான் எனக்குக் கவலை.

நீலத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். இரிடோவைரஸ் என்ற கிருமி ஐசோபாட்டின் உடலுக்குள் பெருகும்போது, அதன் துகள்கள் செல்லுக்குள் ஒழுங்காக அடுக்கடுக்காகச் சேர்கின்றன. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி, சோப்புக் குமிழியில் நிறம் தெரிவதுபோல, நீலமாகவும் ஊதாவாகவும் மின்னுகிறது. சாயம் எதுவும் இல்லாமல் வரும் நிறம் இது. ஐசோபாட்டில் இந்த வைரஸை 1980-இல் கலிபோர்னியாவில் இருந்து விவரித்து எழுதினார்கள். நிறம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முற்றிவிட்டால் அந்த உயிர் பிழைக்காது. மருந்தும் கிடையாது. செத்ததை மற்றவை தின்பதால் பரவுகிறது. ஐசோபாட் எதையும் மிச்சம் வைக்காது என்பதால் ஒரு பிணம் போதும்.

பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கும் என்பதுதான் இதில் கொடுமை. இதை "அபூர்வ நிறம்" என்று விலை கூட்டி விற்பதையும் பார்த்திருக்கிறேன். நீலமானதை உடனே எடுத்து ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். சருகையும் மண்ணையும் கட்டிப் போட்டுவிட்டு, பெட்டியைக் கழுவிப் புதிதாக ஆரம்பியுங்கள். மிச்சமிருப்பவை நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் யாருக்கும் கொடுக்கவோ விற்கவோ கூடாது. பல்லிக்கும் தீனியாகப் போடாதீர்கள். பூச்சிகளின் இரிடோவைரஸ் வளர்ப்புப் பல்லிகளிலும் கண்டறியப்பட்டிருக்கிறது.

ஒரு விளக்கம் மட்டும். 'பவுடர் புளூ' என்று விற்கும் போர்செல்லியோனைடிஸ் ப்ருய்னோசஸ் இனத்துக்கு இந்தச் சந்தேகம் தேவையில்லை. திராட்சைமேல் இருப்பது போன்ற மெழுகுப் படலம் அதன் மேல் இருப்பதால் இயல்பாகவே நீலச் சாம்பலாகத் தெரியும், மின்னாது. நோயில் வரும் நீலம் உடல் முழுக்க, அடிவயிற்றிலும்கூடப் பளபளக்கும். சாம்பலாக இருந்தது திடீரென்று நீலமானால் அது நோய்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, வளர்ப்பில் தேர்ந்தெடுத்து நிலைநிறுத்திய நிறங்கள். போர்செல்லியோ ஸ்கேபர் என்பது ஐரோப்பியத் தோட்டங்களில் சாதாரணமாகத் திரியும் சாம்பல் இனம். அதில் கறுப்பு நிறமி உண்டாகாமல் போன சிலவற்றைப் பிரித்து வளர்த்ததுதான் ஆரஞ்சு வகை. இப்படிப்பட்ட நிறங்கள் பல ஒடுங்கு பண்புகள், அதாவது தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஆரஞ்சையும் சாம்பலையும் கலந்து வளர்த்தால் முதல் தலைமுறையில் குஞ்சுகள் சாம்பலாகவே வரும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்பட வேண்டாம். ஒரே இனத்தின் இரண்டு நிறங்களை ஒரே பெட்டியில் போடாதீர்கள், அவ்வளவுதான். வண்ண ஐசோபாட் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வகையைத்தான். பல தலைமுறையாகப் பெட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை, விலை குறைவு, சிறு தவறுகளைத் தாங்கும்.

மூன்றாவது, இயற்கையிலேயே அந்த நிறத்தில் இருக்கும் இனங்கள். பிரான்ஸின் தென்பகுதியிலிருந்து வந்த ஆர்மடில்லிடியம் மாகுலாட்டம், அதாவது 'ஜீப்ரா'. ஏட்ரியாட்டிக் கடலோரத்தைச் சேர்ந்த ஆர்மடில்லிடியம் க்ளுகி. கறுப்பு முதுகில் வெள்ளைப் புள்ளி, ஓரத்தில் சிவப்பு. அதே நிலத்தில் வாழும் விஷச் சிலந்தி ஒன்றின் தோற்றத்தை இது ஒத்திருப்பதால், தன்னைத் தின்ன வருபவற்றை விலக்க அமைந்த வேஷம் என்று கருதப்படுகிறது. இந்த இரண்டும் இப்போது வளர்ப்பில் தாராளமாகப் பெருகிவிட்டன.

சிக்கல் 'ரப்பர் டக்கி' போன்றவற்றில்தான். வாத்துமுகம் போன்ற மஞ்சள் தலை கொண்ட இந்தக் குபாரிஸ் வகை, 2017 வாக்கில் தாய்லாந்தின் சுண்ணாம்புக்கல் குன்றுப் பகுதிகளிலிருந்து வளர்ப்போர் கைக்கு வந்தது. மெதுவாக வளரும், ஓர் ஈற்றில் சில குஞ்சுகள்தான். விலை ஏறியதும் காட்டிலிருந்தே அள்ளிவந்து விற்க ஆரம்பித்தார்கள். சுண்ணாம்புக் குன்றில் வாழும் சிற்றுயிர்கள் பல ஒரு குன்றையோ ஒரு குகையையோ விட்டு வேறெங்கும் இருக்காது. ஒருவர் நாலு பை நிறைய அள்ளினால் அந்த இடத்தில் மீண்டும் பெருகுவதற்கு எதுவும் மிஞ்சாமல் போகலாம். வாங்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "இவை உங்கள் பெட்டியில் பிறந்தவையா, குஞ்சுகளைக் காட்ட முடியுமா?" உண்மையாக வளர்ப்பவர் பல அளவுகளில் குஞ்சு இருக்கும் பெட்டியைச் சந்தோஷமாகக் காட்டுவார். எல்லாமே ஒரே அளவில் பெரியவையாக, கால் உடைந்தும் உணர்கொம்பு ஒடிந்தும் இருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

சரி, வாங்கியாயிற்று. அதற்கப்புறம் என்னிடம் வரும் சாவுகளுக்குப் பெரும்பாலும் ஈரமும் காற்றும்தான் காரணம். ஐசோபாட் சுவாசிப்பது அடிவயிற்றின் பின்பக்கம் இருக்கும் தட்டுகளால். செவுளின் வழிவந்த உறுப்பு அது, காய்ந்தால் வேலை செய்யாது. இதைக் கேட்டதும் பெட்டி முழுக்கத் தண்ணீர் தெளித்து மூடியை இறுக்கிவிடுகிறார்கள். அதுவும் சாவுதான். ஐசோபாட் தன் கழிவு நைட்ரஜனை அம்மோனியா வாயுவாக வெளியேற்றும் உயிர். காற்றோட்டம் இல்லாத பெட்டியில் அது தேங்கும். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறினால் உள்ளே இருப்பவற்றின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

பெட்டியின் ஒரு பக்கம் மூன்றில் ஒரு பங்கில் ஈரப் பாசி வையுங்கள், மறுபக்கம் காய்ந்த சருகு. இரண்டு பக்கமும் காற்றுத் துளை. எங்கே இருக்க வேண்டும் என்பதை அவையே முடிவு செய்துகொள்ளும். ஸ்பெயினிலிருந்து வந்த பெரிய போர்செல்லியோ இனங்களுக்குக் காற்று அதிகம் வேண்டும், ஈரம் குறைவாகப் போதும். குபாரிஸுக்கு ஈரம் அதிகம். தீனிக்கு இலைச்சருகும் மக்கிய மரமும்தான் பிரதானம்; தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு, மீன் கடைகளில் ஃபைட்டர் மீனுக்கென்று விற்கும் பாதாம் இலை நன்றாக ஒத்துவரும். கூடவே கணவாய் ஓடோ பொடித்த முட்டை ஓடோ எப்போதும் இருக்கட்டும். வாரம் ஒருமுறை துளி மீன் தீனி போடுங்கள். புரதம் போதாவிட்டால் தோலுரிக்கும் கூட்டாளியைத் தின்னும்.

ஒரே இரவில் பெட்டி முழுக்கச் செத்தது என்று யாராவது சொன்னால், "வீட்டில் பூனையோ நாயோ இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்பேன். கழுத்தில் விடும் தெள்ளுப்பூச்சி மருந்தில் இருக்கும் ஃபிப்ரோனில், பெர்மெத்ரின் போன்றவை ஐசோபாட்டுக்கு நஞ்சு. பூனையைத் தடவிய கையால் சருகு மாற்றுவது, பாம்புக்குச் சிற்றுண்ணி மருந்தை அதே அறையில் தெளிப்பது, மருந்தடித்த தோட்டத்துச் சருகை அள்ளி வருவது என எல்லா வழியிலும் நஞ்சு பெட்டிக்குள் போகிறது. சாலையோரச் சருகும் வேண்டாம். ஐசோபாட் தன் செரிமானச் சுரப்பியில் செம்பு, ஈயம், கேட்மியம் போன்ற உலோகங்களைச் சேர்த்து வைக்கும். பிரிஸ்டல் அருகே அவன்மவுத் உலோக உருக்காலையைச் சுற்றி மாசின் அளவைக் காண ஆராய்ச்சியாளர்கள் பிடித்துச் சோதித்ததும் இவற்றைத்தான்.

பயந்து படம் அனுப்புகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு நல்ல செய்தியும் சொல்கிறேன். உடலின் பின்பாதி வெளுத்து, முன்பாதி கறுத்து, நடுவில் கோடு போட்டதுபோல் இருந்தால் அது நோயில்லை. ஐசோபாட் தோலை இரண்டு தவணையில் உரிக்கும்; முதலில் பின்பாதி, ஓரிரு நாள் கழித்து முன்பாதி. உரிப்பதற்கு முன் மார்பின் அடிப்பக்கத்தில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். பழைய ஓட்டிலிருந்து எடுத்துச் சேமித்த சுண்ணாம்புதான் அது. உரித்த ஓட்டையும் தின்றுவிடும், எடுத்துப் போடாதீர்கள். அந்தச் சமயத்தில் உடல் மென்மையாக இருக்கும், கையில் எடுக்கவே கூடாது.

இனப்பெருக்கத்துக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. பத்துப் பதினைந்தாக ஆரம்பித்தால் ஆணும் பெண்ணும் இருக்கும். பெண்ணின் அடிவயிற்றில் திரவம் நிறைந்த ஒரு பை உண்டு. முட்டைகள் அதற்குள்ளேயே பொரிந்து, வெள்ளை வெளேரென்று குட்டிகளாக வெளியே வரும். அப்போது கால் ஆறு சோடிதான். ஊனம் என்று நினைக்க வேண்டாம், ஏழாவது சோடி பிறகு வரும். பெண் ஆணின் விந்தைச் சேமித்து வைத்து அடுத்தடுத்து ஈனும் என்பதால் ஆண் குறைவாக இருப்பது குறையில்லை. தொட்டதும் உருண்டுகொள்ளும் சாதாரண இனமான ஆர்மடில்லிடியம் வல்காரேயில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா, மரபில் ஆணாக இருக்க வேண்டியவற்றையே பெண்ணாக்கிவிடும். பெட்டி முழுக்கப் பெண்ணாகத் தெரிந்தால் இன்னொரு வளர்ப்பாளரிடமிருந்து சில ஆண்களைச் சேருங்கள். ஒரு மாதம் தனிப் பெட்டியில் வைத்துப் பார்த்த பிறகு சேர்ப்பது நல்லது.

தோட்டத்தில் பிடித்தவற்றைப் பறவைக்கோ பல்லிக்கோ போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முள்தலைப் புழு ஒன்று ஐசோபாட்டுக்குள் வளர்ந்து பறவைக்குள் போகும். தொற்றிய ஐசோபாட் ஒளிந்துகொள்ளாமல் வெட்டவெளிக்கு வந்து, பறவைக்கு எளிதாக அகப்படும். அதாவது உங்கள் கைக்குச் சுலபமாகக் கிடைப்பதில் அந்தப் புழு இருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, பெருகிப்போனவற்றை என்ன செய்வது? தோட்டத்தில் விடாதீர்கள். மனிதர்கள் கொண்டுபோனதால்தான் ஐரோப்பிய இனங்கள் சில இன்று உலகமெங்கும் பரவியிருக்கின்றன. தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள்; யாரும் இல்லையென்றால் ஃப்ரீசரில் வைத்து முடித்துக்கொள்ளுங்கள். பழைய மண்ணையும் இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்த பிறகே குப்பையில் போடுங்கள், அதில் கண்ணுக்குத் தெரியாத குட்டிகள் இருக்கும். இங்கிருந்து ஊருக்குப் போகும்போது டப்பாவில் போட்டு எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: கூடாது. உயிருள்ள விலங்கை இந்தியாவுக்குள் கொண்டுபோக முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வேண்டும், அது எவ்வளவு சிறிய உயிராக இருந்தாலும். ஊரில் வளர்க்க ஆசைப்பட்டால் அங்கேயே பூந்தொட்டி அடியில் கிடைக்கும் இனத்தை வைத்து ஆரம்பியுங்கள். அவற்றிலும் வெளிறிய, புள்ளி விழுந்தவை வரும். பிரித்து வளர்த்தால் உங்கள் பெட்டியிலேயே ஒரு நிறம் நிலைக்கலாம்.