ரவுட்டர்: ஒளிபரப்புத் துறையில் ‘தடமாற்றி’

ஒளிபரப்புக் கூடங்களில் எந்தப் படம் எந்த வெளியீட்டுக்குப் போக வேண்டுமோ அதை இணைத்துத் தரும் கருவி வீடியோ ரவுட்டர். அதையும், அதை இயக்கும் பொத்தான்கள் கொண்ட மென்பொருள் பலகங்களையும் தமிழில் விளக்க முற்படுவோர், அந்தக் கருவியைத் தயங்காமல் ‘திசைவி’ என்று எழுதிவிடுகிறார்கள். பலமுறை கண்டு பொறுத்தாயிற்று. அந்தச் சொல் அங்கே பொருந்தாது. பலகத்தை அமைப்பவரைப் பிழையிலும் தள்ளும்.

‘உடைத்துத் திறந்த வழி’ என்று பொருள்படும் இலத்தீன் ‘ருப்தா’, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘ரூட்’ ஆயிற்று, வழிப்படுத்துவது ரவுட்டர். இந்தப் பெயரை இரண்டு துறைகள் எடுத்துக்கொண்டன என்பதே சிக்கலின் வேர்.

வலையமைப்பு ரவுட்டர், தன்னிடம் வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் முகவரியையும் படித்து, அதை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தானே முடிவு செய்கிறது. அதற்குத் ‘திசைவி’ நிலைத்துவிட்டது. ‘திசைத்தல்’ என்ற பழைய வினைக்குத் திகைத்தல் என்றே பொருள் என்றாலும், வழக்கில் ஊன்றிய சொல்லை நான் பிடுங்கச் சொல்லவில்லை. எஸ்டிஐ (கம்பிவழியே எண்முறைப் படத்தை அனுப்பும் முறை) வீடியோ ரவுட்டரோ எந்த முகவரியையும் படிப்பதில்லை, எதையும் தானாக முடிவு செய்வதுமில்லை. உள்ளீடுகள் ஒரு பக்கமும் வெளியீடுகள் மறுபக்கமுமாக அமைந்த கட்டம் அது. 16 உள்ளீடும் 16 வெளியீடும் இருந்தால் 256 சந்திகள், அதாவது ஓர் உள்ளீட்டை ஒரு வெளியீட்டோடு இணைக்கக்கூடிய இடங்கள். ஒரு கேமராவின் படத்தை எத்தனை வெளியீடுகளுக்கும் கொடுக்கலாம், ஆனால் ஒரு வெளியீடு ஒரு நேரத்தில் ஓர் உள்ளீட்டை மட்டுமே ஏற்கும். எந்தச் சந்தி இணைய வேண்டும் என்று தீர்மானிப்பவர் பலகத்தின் முன் அமர்ந்திருப்பவர்.

குழப்பம் முற்றுவது பலகத்தின் அமைப்புத் திரையில்தான். பலகம் ஈதர்நெட் வழியாக வீடியோ ரவுட்டருடன் பேசுகிறது என்பதால், பலகத்தின் ஐபி முகவரி, வலையமைப்பு நுழைவாயிலின் (பிற வலைகளுக்கு வழிவிடும் வலையமைப்பு ரவுட்டரின்) முகவரி, வீடியோ ரவுட்டரின் முகவரி ஆகிய மூன்றும் ஒரே திரையில் கேட்கப்படலாம். அங்கே ‘திசைவியின் முகவரி’ என்று எழுதியிருந்தால், வலையமைப்பு அறிந்தவர் நுழைவாயிலின் முகவரியைத்தான் இடுவார். பலகம் வீடியோ ரவுட்டரைக் கண்டுபிடிக்காது. பொத்தானை அழுத்தினால் எதுவும் மாறாது. கம்பியில் பழுது என்று எண்ணி அவர் இணைப்புகளைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

‘காணொளித் திசைவி’ என்று அடைமொழி சேர்த்தால் போதும் என்பது ஒரு வாதம். திரையில் இடம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது அடைமொழியே என்பதால் அதை நான் ஏற்கவில்லை. என் பரிந்துரை ‘தடமாற்றி’. மின்மாற்றி மின்னழுத்தத்தை மாற்றுவதுபோல் இது சமிக்ஞையை உருமாற்றும் என்று தோன்றாதா என்று கேட்கலாம். ஆனால் சொல்லுக்குள்ளேயே ‘தடம்’ செயப்படுபொருளாக நிற்பதால், மாறுவது தடம்தான், படமன்று என்பது விளங்கிவிடுகிறது. ‘தடம் மாறுதல்’ வழிதவறுதலைக் குறிக்கும் என்ற மறுப்பும் வலுவற்றது: தானாக மாறுவது வேறு, வேண்டுமென்றே மாற்றுவது வேறு.

இந்தப் பிழைக்குக் காரணம், கருவியைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பது. அதனால்தான் தேர்ந்த இணைப்பை நடைமுறைப்படுத்தும் ‘டேக்’ பொத்தானுக்கு ‘எடு’ என்று எழுதுகிறார்கள்; ‘மாற்று’ என்பதே அதன் வேலை. பல இணைப்புகளை ஒரே அழுத்தில் மாற்றும் ‘சால்வோ’வைச் ‘சரமாரி’ ஆக்குவதும் அவ்வாறே. ‘தொகுப்பு மாற்றம்’ போதும். எல்லாவற்றிலும் கேடானது, ‘லாக்’, ‘புரொடெக்ட்’ இரண்டுக்கும் ‘பூட்டு’ என்றே எழுதுவது. பல அமைப்புகளில் முன்னது, விடுவிக்கும்வரை அந்த வெளியீட்டை எவரும் மாற்ற முடியாதபடி தடுக்கிறது. பின்னது, அதை இட்ட பலகத்துக்கு மட்டும் மாற்றும் உரிமையை விட்டுவைக்கிறது. முன்னதைப் ‘பூட்டு’ என்றும் பின்னதைக் ‘காப்பு’ என்றும் பிரித்து எழுத வேண்டும்.