மெத்தென்ற ஷூவும் உள்பக்கம் சாயும் காலும்: ஓட்டக்காரர்கள் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கணுக்காலின் உள்பக்கம் வலிக்கிறது, முழங்கால் பிடிக்கிறது என்று சிகிச்சைக்கு வரும் ஓட்டக்காரர்கள் பலர் அண்மையில் வாங்கிய ஷூவோடுதான் வருகிறார்கள். ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால், "போட்டதும் பஞ்சு மாதிரி இருந்தது" என்பார்கள். கடையில் இரண்டு நிமிடம் நின்று பார்க்கும்போது எந்த மென்மையான ஷூவும் சுகமாகத்தான் இருக்கும். ஐந்தாறு கிலோமீட்டர் ஓடிக் கால் தசைகள் சோர்ந்த பிறகுதான் ஷூவின் உண்மையான குணம் தெரியும்.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு சுமை ஒற்றைக்காலில் இறங்குகிறது. குதிகால் தரையில் பட்டதும் பாதம் கொஞ்சம் உள்பக்கமாகச் சாயும். அது குறையல்ல, அதிர்ச்சியைத் தாங்க உடல் வைத்திருக்கும் வழி. ஆனால் அடியிலுள்ள ஃபோம் அளவுக்கு மீறி மென்மையாக இருந்தால், சாயும் பக்கம் அதிகம் அமுங்கும். அமுங்க அமுங்கப் பாதம் இன்னும் சாயும், அந்தப் பக்கமே சுமையும் கூடும். இதை இழுத்துப் பிடிப்பது கணுக்காலின் உள்பக்கம் சுற்றிவந்து பாத வளைவைத் தாங்கும் தசைநாண். ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பிறகு வலி கிளம்பும் இடமும் அதுதான்.

முன்பு இதற்குத் தீர்வாக, ஷூவின் உள்பக்கம் வளைவுக்குக் கீழே கெட்டியான ஃபோம் துண்டு ஒன்றை வைத்தார்கள். பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் தனியாகத் தெரியும். கட்டைவிரலால் அழுத்தினால் மற்ற இடத்தைவிடக் கடினமாக இருக்கும். சாய்வு குறைந்தது, ஆனால் சிலருக்கு அந்த இடம் பாதத்தில் உறுத்தியது. இப்போது வேலையை ஷூவின் வடிவமே செய்கிறது. அடிப்பாகம் அகலமாகிறது, ஃபோமின் ஓரங்கள் மேலெழுந்து குதிகாலை இருபுறமும் அணைக்கின்றன, பாதம் ஃபோமின் மேல் நிற்காமல் அதற்குள் இறங்கி உட்காருகிறது. வடிவமைப்பாளர் தோஷிகாசு கயானோவின் பெயரில் ஆசிக்ஸ் நிறுவனம் 1993-இல் கொண்டுவந்த கயானோ ஷூ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2023-இல் வந்த கயானோ 30-இல் கெட்டியான துண்டை எடுத்துவிட்டு, அகன்ற அடிப்பாகத்தோடு வளைவுக்குக் கீழே துள்ளும் தன்மையுள்ள ஃபோமை வைத்தார்கள். ப்ரூக்ஸ் நிறுவனத்தின் அட்ரினலின் ஷூ குதிகாலின் இருபுறமும் தடுப்பு வைக்கிறது. ஹோகா நிறுவனத்தின் அராஹி ஷூவின் முந்தைய பதிப்புகள் குதிகாலைச் சுற்றி உள்பக்கம் நெடுக 'ஜே' வடிவில் சற்றுக் கெட்டியான ஃபோமை ஓட்டின. மென்மையும், பாதம் அதிகம் சாயாமல் பிடிக்கும் தாங்கலும் ஒரே ஷூவில் கிடைக்கும் காலம் இது. ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை.

தட்டைப் பாதம் என்றாலே இப்படிப்பட்ட ஷூ வேண்டுமா? வேண்டியதில்லை. ஈரக் காலடித் தடம் நிற்கும் பாதத்தின் வடிவத்தைக் காட்டும். ஓடும்போது என்ன நடக்கிறது என்பதைக் காட்டாது. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்குச் சாதாரண ஷூ கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வில், பாதம் உள்பக்கம் சாய்பவர்களுக்குக் காயம் அதிகம் வரவில்லை. மறுபுறம், லக்சம்பர்கில் 372 ஓட்டக்காரர்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், தாங்கல் உள்ள ஷூ அணிந்தவர்களுக்குக் காயம் குறைந்தது. பலன் முக்கியமாக உள்பக்கம் சாயும் பாதக்காரர்களுக்கே. வலியில்லாமல் ஓடுகிறீர்களா, ஷூவின் வகையை மாற்றாதீர்கள். உள்பக்க வலி திரும்பத் திரும்ப வருகிறது, பழைய ஷூவும் உள்பக்கம் சரிந்திருக்கிறது என்றால் தாங்கல் உள்ளதை முயன்று பார்க்கலாம்.

அந்தச் சரிவைப் பார்க்கும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். அடி ரப்பரில் குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருப்பது பெரும்பாலோருக்கு இயல்பு. தரையில் முதலில் படும் இடம் அது. ரப்பரை விடுங்கள், ஃபோமைப் பாருங்கள். பழைய ஜோடியைச் சமதளமான மேசையில் வைத்து, கண்ணைக் குதிகால் மட்டத்துக்கு இறக்கிப் பின்னாலிருந்து நோக்குங்கள். பின்சுவர் உள்பக்கம் சாய்ந்து, அந்தப் பக்க ஃபோமில் சுருக்கக் கோடுகள் விழுந்திருந்தால் அதுதான் தடயம்.

கடைக்கு மாலையில் போங்கள். பகல் முழுக்க நின்று கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸை எடுத்துச் செல்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் பின்சுவரை இரு விரலால் நசுக்கினால் எளிதில் மடங்கக் கூடாது. ஷூவைத் துணி பிழிவதுபோல் முறுக்கினால் நடுவில் எதிர்ப்பு தெரிய வேண்டும். வளைக்கும்போது விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். பிறகு ஒற்றைக்காலில் நின்று முழங்காலைச் சிறிது மடக்கிப் பத்து முறை இறங்கி எழுங்கள். கணுக்கால் இப்படியும் அப்படியும் தத்தளித்தால், எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அந்த ஜோடி வேண்டாம். 90 கிலோ எடையுள்ளவருக்கும் 55 கிலோ உள்ளவருக்கும் ஒரே ஃபோம் ஒரேமாதிரி அமுங்காது; நண்பர் பரிந்துரைப்பதை அப்படியே வாங்காதீர்கள்.

மருத்துவர் கொடுத்த வளைவுத் தாங்கி இன்சோல் வைத்திருப்பவர்கள், அதைத் தாங்கல் ஷூவுக்குள் யோசிக்காமல் செருகிவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்து பாதத்தை வெளிப்பக்கம் தள்ளலாம். பிறகு முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கும். ஷூவிலேயே வந்த இன்சோலைக் கழற்றிவிட்டு இதை வைத்து, கொடுத்தவரிடமே நடந்து காட்டுங்கள். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தையும் பாருங்கள். 10 மி.மீ.யில் ஓடிப் பழகியவர் திடீரென 4 மி.மீ.க்கு மாறினால் கெண்டைக்காலும் குதிகாலுக்குப் பின்னாலுள்ள குதிநாணும் அதிக வேலை செய்ய வேண்டிவரும். புது ஜோடியை முதலில் குறுகிய ஓட்டங்களுக்கு மட்டும் போட்டு, மூன்று நான்கு வாரங்களில் மெல்ல மாறுங்கள்.

பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் ஃபோம் தளர்ந்துவிடும். வாரம் 30 கிலோமீட்டர் ஓடினால் நான்கிலிருந்து ஆறு மாதம். வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ மொட்டை மாடியிலோ வைக்காதீர்கள். மழையில் நனைந்தால் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள்.

சில வலிகளுக்கு ஷூவை மாற்றிப் பயனில்லை. சுவரை லேசாகப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்திப் பாருங்கள். ஒரு காலில் முடிந்து மறுகாலில் முடியவில்லை, அல்லது ஒரு பாதத்தின் வளைவு மட்டும் புதிதாக இறங்கியிருக்கிறது என்றால் தசைநாணே பழுதாகியிருக்கலாம். ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவால் பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருப்பவர்கள் "சுகமாக இருக்கிறது" என்பதை நம்பித் தேர்ந்தெடுக்கக் கூடாது. மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிட்டு வாங்குங்கள். புது ஷூவைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் விரலிடுக்கு, குதிகால், பாதத்தின் ஓரங்களில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.