புவிவெப்பத் துரப்பணம்: சொல்லும் செலவும்

பூமியின் ஆழத்திலுள்ள வெப்பத்தை எடுக்கக் கிணறு தோண்டும் 'ஜியோதெர்மல் டிரில்லிங்' என்பதைப் 'புவிவெப்பத் துளையிடல்' என்று எழுதுவது இன்று பெருவழக்கு. 'ஜியோ', 'தெர்மல்' இரண்டுக்கும் வேர் கிரேக்கத்தில் உள்ளது. முதலாவது நிலத்தையும் இரண்டாவது வெப்பத்தையும் குறிக்கும். தெர்மாமீட்டரில் இருப்பதும் அதே வேர்தான். 'புவி' வடமொழி வழி வந்ததென்று கருதி 'நிலவெப்பம்' என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் அச்சொல்லைக் கேட்டதும் வெயிலில் காய்ந்த தரையின் சூடே முதலில் நினைவுக்கு வரும். கதிரியக்கத் தனிமங்களின் சிதைவாலும், கோள் உருவான காலத்திலிருந்து எஞ்சிய சூட்டாலும் ஆழத்தில் நிலவும் வெப்பத்தை வேறுபடுத்திக் காட்டப் 'புவிவெப்பம்' என்பதே தெளிவானது.

எனக்கு மனக்குறை 'துளையிடல்' என்பதில்தான். பலகையில் ஆணிக்குத் துளை போடுவதற்கும் அதே சொல்தான் ஆகிறது. தமிழில் 'துர' என்றொரு வினை உண்டு. குடைந்து செல்லுதல் என்பது அதன் பொருள்களுள் ஒன்று. சுரங்கவழியைக் குறிக்கும் துரப்பும், பெருங்கிணற்றைக் குறிக்கும் துரவும், துளைக்கும் கருவியைக் குறிக்கும் துரப்பணமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 'தோட்டம் துரவு' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தத் துரவுதான் இது. துருவித் துருவிக் கேட்கிறோம் என்னும்போது வரும் துருவுதலும் இவற்றுக்கு உறவே. கருவிக்குப் பெயராக இருந்த துரப்பணம் இப்போது எண்ணெய், எரிவாயுத் துறைகளில் பணியின் பெயராகவே நிலைத்துவிட்டது. அந்த வழக்கை ஏற்றுக்கொண்டு, கருவியைத் 'துரப்பண முனை' என்று பிரித்துச் சொன்னால் குழப்பம் வராது.

ஆங்கிலத்தில் கிணற்றைக் குறிக்கும் 'வெல்' என்ற சொல், கொதித்துப் பொங்குதல் என்னும் பொருளுடைய பழைய வினையிலிருந்து வந்தது. தற்செயலாக அது புவிவெப்பக் கிணற்றுக்கு அப்படியே பொருந்துகிறது. தமிழ்த் துரவோ பொங்கும் நீரைச் சொல்லாமல் குடையும் உழைப்பைச் சொல்கிறது. செலவைப் பற்றிப் பேசும்போது நம் சொல்தான் சரியான இடத்தைச் சுட்டுகிறது. ஏனெனில் ஒரு புவிவெப்ப மின்நிலையத்தின் முதலீட்டில் மூன்றிலொரு பங்கு முதல் பாதிக்கு மேல்கூட அந்தக் குடையும் வேலைக்கே போய்விடுவதுண்டு.

எண்ணெய் பெரும்பாலும் படிவுப் பாறைகளில் கிடைக்கிறது; புவிவெப்பத்தைத் தேடுவோர் கருங்கல்லையும் எரிமலைப் பாறையையும் குடைய வேண்டியிருக்கிறது. முனை தேய்ந்தால், ஆயிரக்கணக்கான மீட்டர் நீளமுள்ள குழாய்த்தொடரை முழுவதும் மேலே இழுத்துக் கழற்றி, புதிய முனையைப் பூட்டி, மறுபடியும் இறக்க வேண்டும். அந்நேரத்தில் கிணறு ஓரங்குலமும் ஆழமாவதில்லை. எந்திரத்தின் நாள்வாடகை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். முனையைக் குளிர்வித்து, பாறைத்துகளை மேலே கொண்டுவரத் துளையில் சுற்றிவர வேண்டிய துரப்பணச் சேறு பாறை வெடிப்புகளில் மறைந்துபோவதைச் 'சுற்றோட்ட இழப்பு' என்பர். வெடிப்புகள் இருந்தால்தான் வெந்நீரும் நீராவியும் கிடைக்கும்; அதே வெடிப்புகள்தான் சேற்றையும் விழுங்குகின்றன. இவற்றோடு, நீராவி பேரளவில் வெளிவர வேண்டுமென்பதால் கிணறும் அகலமாக வேண்டும். கிணற்றுச் சுவரைத் தாங்கும் உறைகுழாய்க்கான எஃகும் சிமெண்டும் அதற்கேற்பக் கூடும்.

எண்ணெய்த் துறை எண்ணற்ற கிணறுகளைத் தோண்டித் தோண்டிக் கற்றது. புவிவெப்ப நிறுவனம் ஒவ்வொன்றும் தோண்டுவதோ சில கிணறுகள். ஒரு நாட்டில் கண்ட தவறு இன்னொரு நாட்டுக்குத் தெரியாமலே திரும்ப நிகழும். 2008இல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஐஸ்லாந்து ஆகிய மூன்றும் ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கில் பன்னாட்டுப் புவிவெப்பத் தொழில்நுட்பக் கூட்டாண்மையைத் தொடங்கியதற்கும், துரப்பணச் செலவைக் குறைப்பதை அதன் பணிகளுள் ஒன்றாக வைத்ததற்கும் இதுவே அடிப்படை. பின்னர் சுவிட்சர்லாந்தும் நியூசிலாந்தும் அதில் சேர்ந்தன.

ஐஸ்லாந்து ஆழ்துரப்பணத் திட்டமும் பல நாடுகளின் பணத்தாலும் அறிவாலும் நடந்ததுதான். அதன் முதல் கிணறு 2009இல் கிராஃப்லா எரிமலைப் பகுதியில், சுமார் 2.1 கிலோமீட்டர் ஆழத்தில், எதிர்பாராமல் பாறைக்குழம்பைத் தொட்டது. ரெய்க்யனெஸில் தோண்டிய இரண்டாவது கிணறு 2017 ஜனவரியில் சுமார் 4.66 கிலோமீட்டரை எட்டியது. அதன் அடியில் 400 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் பதிவானது. அங்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்குக் கீழே சேறு முழுவதும் மறைந்துவிட, பாறைத்துகள் மேலே வராமலே குடைந்து சென்றனர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மில்ஃபர்டுக்கு அருகிலுள்ள அரசு ஆய்வுக்களமோ, செயற்கை வைரத்தூள் அடுக்கிய முனைகளால் கருங்கல்லை வேகமாகக் குடைந்து, அப்போது கிடைத்த தரவுகளை எவரும் எடுத்துப் பயன்படுத்துமாறு வெளியிட்டு வருகிறது. கூட்டாய்வின் பயன் இப்படித்தான் கைமாறுகிறது.

ஆகவே 'துரப்பணச் செலவு' என்று எழுதும்போது மீட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கோடு நின்றுவிடுதல் தகாது. மலிவாகத் தோண்டிய கிணற்றில் நீராவி வராவிட்டால் அந்த மலிவுக்குப் பொருளில்லை. முனை மாற்றக் காத்திருந்த நாள்கள், சேற்றோடு போன பணம், பயன்படாமல் மூடிய கிணறுகள் ஆகிய அனைத்தையும் கூட்டி, கிடைத்த வெப்பத்தால் வகுத்து வருவதையே அச்சொல்லுக்குப் பொருளாகக் கொள்ள வேண்டும்.