ஓசூர் கேட்டட் கம்யூனிட்டியில் வீடு வாங்கவும் விற்கவும்: சட்டம் தரும் பாதுகாப்பும் அதன் எல்லையும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூரைச் சுற்றி, மத்திகிரியிலும் பாகலூர் சாலையிலும் மதில் எழுப்பி, வாசலில் காவலர் நிறுத்தி, உள்ளே கிளப் ஹவுசும் நீச்சல் குளமும் அமைத்த ‘கேட்டட் கம்யூனிட்டி’ குடியிருப்புகள் பெருகியுள்ளன. பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், இவ்வீடுகளை வாங்குவோரிலும் விற்போரிலும் பலர் அங்கே வேலை பார்ப்பவர்கள். இங்கே வீடு வாங்குவோர் முதலில் தெளிய வேண்டியது ஒன்று உண்டு. கட்டுமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கும்போது கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு, அதே வீட்டை அதன் உரிமையாளரிடமிருந்து மறுவிற்பனையில் வாங்கும்போது அப்படியே கிடைப்பதில்லை.

முதல் விற்பனைக்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், அதாவது ரெரா, பொருந்தும். 500 சதுர மீட்டரோ 8 வீடுகளோ தாண்டாத சிறு கட்டுமானங்களுக்கு விலக்கு உண்டு. கேட்டட் கம்யூனிட்டி என்ற பெயரில் வரும் திட்டங்கள், மனைப்பிரிவாக இருந்தாலும், பெரும்பாலும் இந்த விலக்குக்குள் வருவதில்லை. பதிவு செய்யாமல் அவற்றை விளம்பரப்படுத்தவோ முன்பதிவு பெறவோ கூடாது. விற்றுக் கொடுக்கும் தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஓசூர் எல்லைப் பகுதி என்பதால் இங்கே கூடுதல் கவனம் தேவை. அத்திப்பள்ளிப் பக்கத்துத் திட்டம் கர்நாடக ரெரா ஆணையத்துக்கும், ஜூஜூவாடிக்கு இப்புறம் உள்ள திட்டம் தமிழ்நாடு ரெரா ஆணையத்துக்கும் உட்பட்டது. விளம்பரத்தில் அச்சிட்டிருக்கும் பதிவு எண் பி.ஆர்.எம். எனத் தொடங்கினால் அது கர்நாடகத்துடையது, நம்முடையது டி.என். எனத் தொடங்கும். அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் இட்டால், ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் பணியை முடிப்பதாக நிறுவனம் உறுதியளித்த தேதியையும் பார்க்கலாம்.

விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்பதானால், நிறுவனம் அதற்கு முன்பே கிரைய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும். வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதம், அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டும் செலவிடத் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். உரிய தேதியில் வீடு தராவிட்டால், விலகிக்கொண்டு பணத்தை வட்டியுடன் திரும்பப் பெறலாம். விலக விரும்பாதவர், வீடு கைக்கு வரும் வரை மாதந்தோறும் தாமத வட்டி கேட்கலாம். ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்தால், முறையிட்ட 30 நாட்களுக்குள் நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். படிக்கட்டு, நடைவழி போன்ற பொது இடங்களின் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்டப் பரப்பைச் சொல்லி விலை பேசுவார்கள். சட்டம் கேட்பது கார்ப்பெட் பரப்பு, அதாவது வீட்டுக்குள் பயன்படுத்தக்கூடிய தளப் பரப்பு. ஒப்பந்தத்தில் இந்த எண்ணைத் தேடிப் படிப்பது, மாதிரி வீட்டைச் சுற்றிப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

மதிலுக்குள் இருக்கும் சாலை யாருடையது என்ற கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவில், சாலைகளை உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால், சாலை போக எஞ்சியதில் 10 சதவீதத்தையும் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு அவை பொதுச் சொத்து. அச்சாலையில் வெளியாரைத் தடுக்கும் உரிமை குடியிருப்போர் சங்கத்துக்கு இல்லை. அந்தத் திறந்தவெளியில் கிளப் ஹவுஸ் கட்டும் உரிமை நிறுவனத்துக்கும் இல்லை. கிரையப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் வரும் சொத்து விவரத்தில் நான்கெல்லையைப் பாருங்கள். ‘கிழக்கு: 30 அடி அகலப் பொதுச் சாலை’ என்று இருந்தால், வாசலில் நிற்கும் கேட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம். அடுக்குமாடி வளாகத்தில் நிலைமை வேறு; உள்வழிகள் பொதுவாக உரிமையாளர்களின் கூட்டுச் சொத்து என்பதால், அங்கே பிரிக்கப்படாத நிலப்பங்கு, அதாவது யூ.டி.எஸ்., எத்தனை சதுர அடி என்பதே முக்கியம்.

மறுவிற்பனையில், சொந்த வீட்டை விற்கும் தனிநபர் மீது ரெராவின் கடமைகள் விழுவதில்லை. சரிபார்க்கும் பொறுப்பு முழுதும் வாங்குபவருடையது. தாய்ப் பத்திரம், அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரம், தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை தொடர்ச்சி அறுபடாமல் இருக்கிறதா என்று வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுவது நல்லது. சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். விற்பவர் வீட்டுக்கடனை அடைத்திருந்தாலும், அடமான ரத்து ரசீதைப் பதிவு செய்யாத வரை, வங்கியிடம் ஆவணங்களை ஒப்படைத்த பழைய பதிவு சான்றில் அப்படியே நிற்கும். சங்கத்திடமிருந்து பராமரிப்புக் கட்டண நிலுவை இல்லை என்ற கடிதத்தை முன்பணத்துக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். கிரையம் முடிந்தபின் விற்றவரைத் தேடி பெங்களூருக்கு அலைவதில் பயனில்லை.

செலவுக் கணக்கில், மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதன்மீது இது கணக்கிடப்படும். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு மொத்தம் 5,40,000 ரூபாய் ஆகும். நிறுவனத்திடம் முதன்முறையாக வாங்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு, 2023 டிசம்பர் முதல், நிலப்பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து மதிப்பிடும் கூட்டு மதிப்பு முறையில், முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 50 லட்சம் வரை 6 சதவீதமும், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதமும் ஆகும். அதாவது அதே 60 லட்சத்துக்கு 4,20,000 ரூபாய். பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் அது 10 லட்சம் வரையிலான சொத்துக்கே என்பதால் இத்தகைய வில்லாக்களுக்கு எட்டாது. கட்டி முடிக்கப்படாத வீட்டுக்குப் பொதுவாக 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு, நிறைவுச் சான்று பெற்ற பின் விற்கும் வீட்டுக்கு அது இல்லை.

விலையோ முத்திரைத்தீர்வை மதிப்போ 50 லட்சத்தைத் தொட்டால், வாங்குபவர் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்த வேண்டும். கிளப் உறுப்பினர் கட்டணமும் கார் நிறுத்துமிடக் கட்டணமும் விலையோடு சேர்த்தே பார்க்கப்படும். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியராக இருந்தால் இந்த 1 சதவீத விதி பொருந்தாது. பிடித்தம் அதைவிடப் பல மடங்கு உயரும் என்பதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிட வேண்டும்.

விற்பவருக்கு மூலதன ஆதாய வரி, அதாவது விற்பனையில் கிடைத்த லாபத்தின் மீதான வரி, உண்டு. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் ஆதாயத்தில் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாக இருந்தால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பணவீக்கச் சரிக்கட்டலுடன் கூடிய 20 சதவீதக் கணக்கையும் போட்டுப் பார்த்து, குறைவான வரியைச் செலுத்தலாம். விற்ற 2 ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, 3 ஆண்டுகளுக்குள் கட்டினாலோ, நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலக்கு கிடைக்கும். விலையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகைக்கு ஈடான அபராதம் விற்பவர் மீதே விதிக்கப்படலாம். ‘கொஞ்சம் கையில் கொடுத்துவிடுங்கள்’ என்று தரகர் சொல்லும்போது இரு தரப்பும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பதிவு முடிந்ததும், உட்பிரிவு, அதாவது நிலத்தைப் பிரித்துத் தனி எண் தருவது, தேவைப்படாத மனைக்குப் பட்டா மாற்றம் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்தே தொடங்கிவிடும். உட்பிரிவு தேவையெனில் நில அளவை முடிந்தே புதிய பட்டா வரும். சொத்து வரி, மின் இணைப்பு, சங்க உறுப்பினர் பெயர் ஆகியவற்றை மாற்றிக்கொள்ள, பதிவான கிரையப் பத்திரத்தின் நகலுடன் அந்தந்த இடத்தில் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்.