முந்தைய காப்பி எங்கே போனது?

கன்ட்ரோல் சி அழுத்தி ஒரு முகவரியைக் காப்பி செய்கிறீர்கள், ஒட்டுவதற்குள் வேறொரு போன் எண்ணையும் காப்பி செய்துவிட்டால் முகவரி போயே போச்சு. காப்பி செய்தது ஒட்டும் வரை காத்திருக்கும் இடமான கிளிப்போர்டில் ஒரு நேரத்தில் ஒரு காப்பிக்குத்தான் இடம். 1970-களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்சி எடிட்டரில் வெட்டி ஒட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள், இத்தனை வருடம் கழித்தும் அடிப்படை பெரிதாக மாறவில்லை.

பழைய காப்பிகளையும் சேமித்து வைக்கும் டிட்டோ மாதிரியான கிளிப்போர்டு ஹிஸ்டரி கருவிகள் இந்த ஓர் இடத்தைப் பெரிதாக்குவதில்லை, பக்கத்தில் நின்று கவனிக்கின்றன, அவ்வளவுதான். 'கிளிப்போர்டு மாறினால் எனக்குச் சொல்' என்று விண்டோஸிடம் பதிந்து வைத்துவிடும். நீங்கள் காப்பி செய்ததும் தகவல் வரும், உடனே அதைப் படித்துத் தன் டேட்டாபேஸில் எழுதிக்கொள்ளும். பிறகு பட்டியலில் பழைய வரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதை மறுபடி கிளிப்போர்டில் வைத்து, உங்களுக்குப் பதிலாக அதுவே கன்ட்ரோல் வி அழுத்துகிறது. மேக்கில் இப்படித் தகவல் வராது. அங்கே ஒவ்வொரு காப்பிக்கும் ஓர் எண் கூடும், மேசி போன்ற கருவிகள் அந்த எண்ணை அடிக்கடி எட்டிப் பார்த்தபடியே இருக்கின்றன.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம், ஒரு காப்பி என்பது ஒன்றே ஒன்று இல்லை என்பதுதான். பிரவுசரில் ஒரு பத்தியை எடுத்தால் நிறம், தடிமன், இணைப்பு எல்லாம் சேர்ந்த எச்டிஎம்எல் வடிவம் ஒன்றும் வெறும் எழுத்து வடிவம் ஒன்றும் சேர்ந்தே கிளிப்போர்டுக்குப் போகின்றன; வேர்டு முதலாவதை எடுத்துக்கொள்ளும், நோட்பேட் இரண்டாவதை. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பிலிருந்து காப்பி செய்து பாருங்கள், வேர்டில் அழகான தமிழ், நோட்பேடில் ஆங்கில எழுத்துக் குப்பை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான், அதற்குத் தமிழ் உருவம் கொடுத்தது எழுத்துரு, அந்த எழுத்துருத் தகவல் வெறும் எழுத்து வடிவத்தில் கிடையாது. நல்ல ஹிஸ்டரி கருவி எல்லா வடிவங்களையும் சேர்த்தே சேமிக்கும்.

தனியாக எதையும் நிறுவ வேண்டாம் என்றால், விண்டோஸ் 10-இல் 2018 அக்டோபர் அப்டேட்டிலிருந்து இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் பட்டனோடு வி அழுத்தி ஒருமுறை ஆன் செய்தால் போதும். 25 காப்பிகள் வரை நிற்கும், ஒவ்வொன்றும் 4 எம்பிக்குள் இருக்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்தால், 'பின்' (pin) செய்து, அதாவது போகாதபடி குத்தி வைத்தவை தவிர எல்லாம் காலி.

அப்புறம், பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு மேனேஜர்கள் பல, காப்பி செய்யும்போதே 'இதை ஹிஸ்டரியில் சேர்க்காதே' என்று ஒரு குறியையும் கூடவே வைக்கின்றன. நீங்களே நோட்பேடில் எழுதி வைத்த பாஸ்வேர்டுக்கு அந்தக் குறி இருக்காது, சாதாரண எழுத்தாகவே பட்டியலில் உட்கார்ந்துவிடும். பிரவுசிங் சென்டரிலோ ஆபீஸ் பொதுக் கணினியிலோ ஆதார் எண்ணைக் காப்பி செய்தால், எழும் முன் தயவுசெய்து விண்டோஸ் வி திறந்து மொத்தத்தையும் அழித்துவிடுங்கள். 'பின்' செய்தவை அப்போதும் போகாது, அவற்றை ஒவ்வொன்றாகத்தான் நீக்க வேண்டும்.