ஆல்பம்: வெள்ளைப் பலகை முதல் பாடல்கோவை வரை

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘ஆல்புமின்’ என்று ஒரு வரி இருக்கும். புதுமணத் தம்பதி வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்பே மடியில் ஒரு கனத்த ‘ஆல்பம்’ வந்து இறங்கும். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் ‘அல்புஸ்’ என்றால் வெள்ளை. அதிலிருந்துதான் முட்டையின் வெள்ளைக்கருவுக்கு ‘அல்புமென்’ என்று பெயர் வந்தது, பின்னால் அதிலுள்ள புரதத்துக்கும் வந்தது. ஆல்பம் என்பது வெள்ளை பூசிய பலகை.

பழைய ரோமில் பிரேட்டர் என்ற நீதி அதிகாரி தன் ஆணைகளை அப்படிப்பட்ட பலகையில் எழுதிப் பொது இடத்தில் வைப்பார். நம்மூர் நோட்டீஸ் போர்டுதான். செனட் உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலுக்கும் அதே பெயர். ஆக, தொகுப்பு என்ற பொருள் இந்தச் சொல்லுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. யாரோ எழுதுவதற்காகக் காத்திருக்கும் வெள்ளை, அவ்வளவுதான்.

16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் ஆளுக்கொரு வெற்றேடு வைத்துக்கொண்டு, நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் கையெழுத்தும் நாலு வரியும் வாங்கினார்கள். ‘ஆல்பம் அமிகோரும்’, அதாவது நண்பர்களின் வெள்ளேடு. கல்லூரிக் கடைசி நாளில் நாம் நீட்டிய ஆட்டோகிராப் நோட்டின் பாட்டன் அது. அப்புறம் அதில் தபால்தலை ஒட்டினார்கள், படம் ஒட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், 19ஆம் நூற்றாண்டின் புகைப்படத் தாள்களில் முட்டை வெள்ளைக்கருவைத்தான் பூசினார்கள். பிரிந்துபோன உடன்பிறப்பு இரண்டும் ஒரே அட்டைக்குள் மறுபடி சேர்ந்துகொண்டன.

இசைக்கு இந்தப் பெயர் வந்தது அட்டையால். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் கொள்ளும். ஒரு சிம்பொனியை முழுதாகக் கேட்க ஐந்தாறு தட்டுகள் வேண்டும். அவற்றைக் காகித உறைகளில் போட்டு, கெட்டி அட்டை கட்டி, புகைப்பட ஆல்பம் போலவே விற்றார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்ததும் அந்த அட்டைப் புத்தகத்துக்கு வேலை போனது. பெயர் மட்டும் தட்டோடு ஒட்டிக்கொண்டது.

இந்தச் சொல்லின் கதை 1968 நவம்பர் 22 அன்று ஒரு வட்டம் அடித்தது. அன்று வந்த பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழுவின் இரட்டைத் தட்டுக்குக் குழுவின் பெயரைத் தவிர வேறு தலைப்பு இல்லை. ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் வடிவமைத்த உறை முழுக்க வெள்ளை. பெயர் நிறமில்லாமல் புடைப்பெழுத்தாக மட்டும். எண்ணி அச்சிடும் ஓவியப் பிரதிகளுக்கு உரியதுபோல ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் வேறு. உள்ளே நான்கு பேரின் வண்ணப் படங்கள் தனித்தனியாக. உலகம் அதற்கு ‘வொயிட் ஆல்பம்’ என்று பெயர் வைத்தது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘வெள்ளை வெள்ளை’, ‘நடுசென்டர்’ மாதிரி.

வெள்ளையைக் கண்டால் மனிதர் கை சும்மா இருக்குமா? நியூயார்க் கலைஞர் ரதர்ஃபோர்ட் சாங் இந்தத் தட்டின் பழைய பிரதிகளை மட்டுமே வாங்கிச் சேர்த்தார், ஈராயிரத்துக்கும் மேல். 2013இல், அதுவரை சேர்ந்தவற்றை ஒரு ரெக்கார்டு கடை போல அடுக்கிக் காட்சிக்கு வைத்தார். அந்தக் கடையில் எதுவும் விற்கப்படவில்லை, வாங்க மட்டும் செய்தார்கள். உறைகளைப் பார்த்தால் ஒன்றில் காபி கோப்பையின் வட்டக் கறை. இன்னொன்றில் உடைமைக்காரர் பெயர் பெரிதாக. ஒன்றில் காதல் குறிப்பு, ஒன்றில் பேனாவில் வரைந்த கிறுக்கல், ஒன்றில் பூஞ்சை. கேட்டவர்கள் தங்கள் விமர்சனத்தை உறையிலேயே எழுதி வைத்ததுபோல இருக்கும். ரோமப் பலகை செய்த வேலையைத்தான் அது மறுபடி செய்தது என்பேன்.

அவர் இன்னொன்றும் செய்தார். நூறு பிரதிகளின் ஒலியை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார். எல்லாம் சேர்ந்துதான் தொடங்கும். ஒவ்வொரு தட்டின் கீறலும் நுண்ணிய வேக வித்தியாசமும் சேர்ந்து போகப் போக ஒன்றையொன்று விட்டு விலகி, பக்கம் முடியும்போது ஒரே இரைச்சலாகிவிடும். ஒரே பாட்டைத்தான் எல்லோரும் கேட்டார்கள், ஆனால் ஆளுக்கொரு பாட்டாகக் கேட்டார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. அந்த ஆளுக்கொரு பாட்டு எந்த எல்லைக்கும் போகும். கலிபோர்னியாவில் சார்லஸ் மேன்சன் இந்தத் தட்டுக்குள் வரப்போகும் இனப்போரின் சங்கேதம் இருப்பதாகத் தன் கூட்டத்துக்குப் போதித்தான். 1969 ஆகஸ்டில் அது கொலைகளில் போய் முடிந்தது. மற்றவர்கள் சண்டையோடு நிறுத்திக்கொண்டார்கள்: தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே முப்பது பாட்டு அதிகம், ஒற்றைத் தட்டாகச் சுருக்கியிருக்கலாம் என்று நினைத்தவர். எதை வெட்டுவது என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘இசைத்தட்டு’ பொருளைக் குறிக்கும். இலங்கைத் தமிழர் குறுந்தகட்டுக்குச் சொல்லும் ‘இறுவட்டு’ம் அப்படியே. நமக்கு வேண்டியது உள்ளடக்கத்துக்கான பெயர். ‘இசைத் தொகுப்பு’ பரவலாக இருக்கிறது. ஆனால் அரிசி, சர்க்கரை, கரும்பு கொடுத்தாலும் பொங்கல் பரிசுத் தொகுப்புதான். தொகுப்புக்கு வரிசை முக்கியமில்லை.

இந்தத் தட்டுக்கு வரிசைதான் உயிர். முதல் பாட்டின் முடிவில் பறக்கும் ஜெட் விமான ஓசை, ரிஷிகேஷில் பிறந்த இரண்டாம் பாட்டின் கிதார் தொடக்கத்துக்குள் கரையும். பாட்டுகளைக் கலைத்துப் போட்டால் விமானம் எங்கே போனதென்றே தெரியாது. எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் ஒலிக்குப்பைக்குப் பிறகு கடைசியாக ஒரு தாலாட்டு வருவதும் அப்படித்தான். கூடவே, ஒவ்வொரு பாட்டும் தனித்தும் நிற்கும்.

தனித்து நிற்பவற்றை வரிசை குலையாமல் கோப்பதற்குத் தமிழில் எப்போதோ சொல் இருக்கிறது: கோவை. திருக்கோவையாரின் நானூறு பாடலில் எதையும் தனியே எடுத்து ரசிக்கலாம். முதல் பார்வையிலிருந்து தொடர்ந்து படித்தால் ஒரு காதலின் கதை. ஆல்பத்துக்கு ‘பாடல்கோவை’ என்பதே என் தேர்வு. தேர்ந்தெடுத்த ஹிட் பாட்டுகளின் சேர்க்கைக்குத் ‘திரட்டு’ போதும். சினிமாவுக்கு வெளியே வரும் ஒற்றைப் பாட்டை இப்போது ‘ஆல்பம் சாங்’ என்கிறார்களே, அதற்குத் ‘தனிப்பாடல்’ என்ற பழைய சொல் கச்சிதமாகப் பொருந்தும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ‘வொயிட் ஆல்ப’த்தை ‘வெள்ளைக் கோவை’ என்று எழுதினால் கோயம்புத்தூரில் பனி பெய்ததாக நினைப்பார்கள். ‘வெள்ளைப் பாடல்கோவை’ என்று முழுசாகவே எழுதிவிடுங்கள்.